கல்லீரல் புற்றுநோய் ஆய்வு: மாதுளைத் தோலா, மங்குஸ்தான் தோலா?

ஆய்வுக்கான சாற்றைத் தோலிலிருந்து பிரித்தெடுக்கும்போதே இரண்டின் வேறுபாடும் தெரிந்துவிடும். மாதுளைத் தோலின் முக்கிய வேதிப்பொருளான பியூனிகலாஜின் நீரில் நன்றாகக் கரையும். 100 கிராம் பொடிக்கு 1 லிட்டர் 50% எத்தனால் போதும். மங்குஸ்தான் தோலின் முக்கிய வேதிப்பொருளான ஆல்ஃபா-மாங்கோஸ்டின் நீரில் கரையாது. 95% எத்தனால் வேண்டும். இரண்டையும் 45 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் உலர்த்துவது நல்லது.

ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெப்-ஜி2 என்ற மனிதக் கல்லீரல் புற்றுச் செல்களில் மங்குஸ்தானே வேகமாகச் செல்களைக் கொல்லும். ஆனால் அதைக் கரைக்க டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் தேவை, அது 0.5 சதவீதத்தைத் தாண்டினால் செல்கள் கரைப்பானாலேயே சாகலாம். மாதுளையில் சிக்கல் வேறு: அதன் பாலிஃபீனால்கள் உயிருள்ள செல்களை அளக்கப் பயன்படும் எம்டிடி சாயத்தைத் தாமே நிறம் மாற்றும், இறந்த செல்களும் உயிருள்ளவைபோல் கணக்காகும். ஆகவே சோதனைத் தட்டில் சாறும் சாயமும் மட்டும் உள்ள, செல் இல்லாத குழிகளையும் சேர்த்து அளக்க வேண்டும்.

எலிகளில் டைஎத்தில்நைட்ரோசமைன் என்ற நச்சைக் கொடுத்துப் புற்றுநோயைத் தூண்டுவார்கள். சாற்றை அதற்கு முன்பே கொடுத்தால், நச்சைச் செயலூக்கும் கல்லீரல் நொதி தடைபட்டிருக்கலாம்; அதைப் புற்றெதிர்ப்பு என்று எழுதிவிடுவதுதான் பெரிய பிழை. நச்சுக்குப் பின் கொடுக்கும் குழுவும் வேண்டும்.

வாய்வழியாகக் கொடுத்தால் இரண்டும் தடுமாறும். பியூனிகலாஜின் குடல் நுண்ணுயிரிகளால் யூரோலித்தின் என்ற வேறு பொருளாக மாறும், அதுவும் ஆளுக்கு ஆள் வேறுபடும். மாங்கோஸ்டினின் பெரும்பகுதி குடலிலும் கல்லீரலிலுமே உருமாறிவிடும். கல்லீரலைப் பாதுகாக்கும் விளைவை ஆராய மாதுளையே எங்கள் தேர்வு. செல்லழிவின் பாதையை மட்டும் பார்க்க மங்குஸ்தான்.