கிருஷ்ணகிரியில் சூரிய உதயம்: காலண்டரா, ஆப்பா, சொந்தக் கணக்கா?

போன தை மாதம் அம்மா கேட்டார்: "பெரிய ராத்திரி மார்கழியோட முடிஞ்சிதுன்னு சொன்னியே, அப்புறம் ஏன் விடியறது இன்னும் தள்ளிக்கிட்டே போவுது?" அவர் கவனித்தது சரிதான். கிருஷ்ணகிரியில் டிசம்பர் 21 அன்று உதயம் சுமார் 6.34. ஜனவரி கடைசியில் 6.43 வரை போகிறது. மே கடைசியில்தான் மிகச் சீக்கிரம், 5.51 வாக்கில். இந்த எண்களை எங்கிருந்து எடுப்பது என்று மூன்று வழிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

முதலில் சுவரில் தொங்கும் காலண்டர். அது சென்னைக்குக் கணித்ததாக இருந்தால் அப்படியே எடுக்கக் கூடாது. சென்னை நமக்குக் கிழக்கே ஏறத்தாழ 2 பாகை தள்ளி இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம் ஆகும். ஆகவே கிருஷ்ணகிரி, தர்மபுரிக்கு 8 நிமிடம் கூட்டுங்கள், ஓசூருக்கு 10. அட்சரேகை வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் இந்த ஒரே திருத்தம் வருடம் முழுக்கப் போதும். திங்கள்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 வரை என்பது, உதயம் எப்போதும் 6 மணி என்று வைத்துப் போட்ட கணக்கு. உண்மையான உதயத்தை வைத்துப் பார்க்கிறவர்களுக்கு ஜனவரியில் அது நன்றாகவே விலகும்.

அடுத்தது செல்போன் ஆப். இடத்தைத் தானே கண்டுபிடிப்பதால் 8 நிமிடத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு ஆப்கள் மூன்றரை நிமிடம் வேறுபட்டால் எது தப்பு என்று கேட்காதீர்கள், இரண்டுமே சரியாக இருக்கலாம். எதை உதயம் என்கிறோம் என்பதில்தான் வேறுபாடு. வானியல் கணக்கில், சூரிய வட்டத்தின் மேல் விளிம்பு அடிவானத்தில் தெரியும் கணமே உதயம். சில பஞ்சாங்கக் கணக்குகளில் வட்டத்தின் நடுப்புள்ளி, அதுவும் காற்றின் ஒளிவிலகலைச் சேர்க்காமல். ஒரு பாகையை 60 கலையாகப் பிரித்தால், சூரியனின் அரை அகலம் 16 கலை, அடிவானத்தில் ஒளிவிலகல் 34 கலை. இரண்டும் சேர்ந்து 50 கலை. நம் ஊரில் சூரியன் நிமிடத்துக்குச் சுமார் 14 கலை ஏறுகிறது. அந்த மூன்றரை நிமிடம் இங்கிருந்துதான் வருகிறது.

இன்னொரு விஷயம். கடல்மட்ட உயரத்தைக் கேட்கும் கணிப்பான்களில் ஓசூர்க்காரர்கள் 900 மீட்டர் என்று போட்டுவிடக் கூடாது. கடலோரத்தில் தனியாக நிற்கும் மலையின் உச்சியிலிருந்து பார்த்தால்தான் அந்தத் திருத்தம் பொருந்தும். சுற்றியுள்ள தரையும் அதே உயரத்தில் இருக்கும்போது உயரத்தைச் சேர்த்தால், உதயம் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னால் காட்டும்.

மூன்றாவது, எனக்குப் பிடித்தது, சொந்தக் கணக்கு. டிசம்பர் 21-ஐயே எடுப்போம். இந்திய நேரம் 82.5 பாகை தீர்க்கரேகைக்கு உரியது, நாம் 78.2-இல் இருக்கிறோம். ஆகவே நம் உச்சிவேளை 12 மணிக்கு 17 நிமிடம் பிந்தும். அன்று நிழல் கடிகாரம் 2 நிமிடம் முந்தி ஓடுவதால் உச்சி 12.15. நம் அட்சரேகை 12.53, சூரியன் தெற்கே 23.44 பாகை. இரண்டின் டேஞ்சன்ட்டையும் பெருக்கினால் 0.096. எந்தக் கோணத்தின் கொசைன் அது? 84.5 பாகை. 15-ஆல் வகுத்தால் 5 மணி 38 நிமிடம். 12.15-இலிருந்து கழித்தால் 6.37. அந்த 50 கலைக்காக மூன்றரை நிமிடத்துக்குச் சற்று மேல் கழித்தால் 6.33, 6.34. அம்மாவின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஜனவரி கடைசிக்குள் பகல் பத்து நிமிடம் போல நீண்டாலும் உச்சிவேளை 12.15-இலிருந்து 12.30-க்குத் தள்ளிப்போய்விடுகிறது. காலையில் கிடைக்க வேண்டியதை அது விழுங்கிவிடுகிறது.

ஆனால் மூன்றுமே சமதரை அடிவானத்தைத்தான் எண்ணிக்கொள்கின்றன. நம் மாவட்டங்களில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு குன்று நிற்கிறது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து கிழக்கே உள்ள குன்று சுமார் 3 பாகை உயரம். அங்கே சூரியன் தலைகாட்ட சுமார் 14 நிமிடம் பிந்துகிறது. இதை எந்தக் காலண்டரும் சொல்லாது. ஒரே ஒரு காலை உட்கார்ந்து குறித்துக்கொண்டால் அந்தப் பருவத்துக்குப் போதும். உதயப்புள்ளி வடக்கு தெற்காக நகர்வதால் அடுத்த பருவத்தில் மறுபடி பாருங்கள்.

சரி, அந்த 16 கலையை நாமே அளக்க முடியுமா? முடியும். வெறும் கண்ணாலோ எக்ஸ்ரே பிலிம் வழியாகவோ சூரியனைப் பார்க்காமலே. மாமரத்தடியில் விழும் வட்ட வட்டமான வெளிச்சப் பொட்டுகள் எல்லாம் சூரியனின் படங்கள்தான், இலை இடுக்கு எந்த வடிவத்தில் இருந்தாலும். இடுக்கிலிருந்து தரைக்கு உள்ள தூரத்தை 107-ஆல் வகுத்தால் பொட்டின் அகலம் வரும்.

கொஞ்சம் ஒழுங்காகச் செய்ய, முகம் பார்க்கும் கண்ணாடியை 5 மில்லிமீட்டர் ஓட்டை போட்ட அட்டையால் மூடி, வெயிலை 10 மீட்டர் தள்ளி இருட்டறைச் சுவரில் விழவையுங்கள். வட்டம் சுமார் 93 மில்லிமீட்டர் வரும். ஸ்கேலால் அளப்பது ஒரு வழி. ஆனால் விளிம்பு மங்கல், சுவர் சாய்ந்திருந்தால் வட்டம் நீள்கிறது. ஜனவரிக்கும் ஜூலைக்கும் உள்ள வித்தியாசமோ 3 மில்லிமீட்டர்தான்.

அதனால் நான் நேரத்தை அளக்கும் வழியைத்தான் சிபாரிசு செய்வேன். காகிதத்தில் ஒரு கோடு போட்டு, கண்ணாடியை அசைக்காமல், வட்டத்தின் முன்விளிம்பு தொடுவதிலிருந்து பின்விளிம்பு விலகும் வரை ஸ்டாப்வாட்ச் பிடியுங்கள். தூரம் அளக்கவே வேண்டாம். கோடு மட்டும் நகரும் திசைக்குச் செங்குத்தாக இருக்கட்டும். வெளிச்சம் பாதியாகும் இடத்தையே விளிம்பாகக் கொள்ளுங்கள். மார்ச் 21-இல் 128 விநாடி வரும். ஒரு பாகைக்கு 4 நிமிடம் என்றால் ஒரு கலைக்கு 4 விநாடி, ஆக முழு அகலம் 32 கலை, அதில் பாதிதான் நம் 16. ஜனவரித் தொடக்கத்தில் 141, ஜூலைத் தொடக்கத்தில் 136 அல்லது 137. இந்த எண்களை அப்படியே ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். சூரியன் பூமத்திய ரேகைக்கு நேர்மேலே இல்லாமல் வடக்கிலோ தெற்கிலோ விலகி இருக்கும்போது மெதுவாக நகர்கிறது. அந்த விலகல் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் ஜனவரிக்கு 130, ஜூலைக்கு 126. அந்த 4 விநாடிதான், ஜனவரியில் பூமி சூரியனுக்கு 50 லட்சம் கிலோமீட்டர் கிட்டே இருப்பதன் அடையாளம். 2019 டிசம்பர் 26 அன்று ஈரோட்டிலும் கரூரிலும் நிலா சூரியனை முழுதாக மறைக்க முடியாமல் வளையம் விட்டதற்கும் இந்தப் பெருத்த வட்டம் ஒரு காரணம்.

ஒரே நாளில் பத்துத் தடவை எடுத்துச் சராசரி பாருங்கள், என் கையில் ஒவ்வொரு தடவையும் ஓரிரு விநாடி மாறுகிறது. எங்கள் கூடத்துச் சுவரில் ஜூலைக் கோடு பென்சிலில் அப்படியே இருக்கிறது. ஜனவரி முதல் வாரம் அதே கண்ணாடி, அதே ஓட்டையோடு பக்கத்துக் கோட்டைப் போட வேண்டும்.