தம் அடிக்க முடியாத டீக்கடை, சென்னை கிண்டி தொழிற்பேட்டை (எஸ்டேட்) ரிவ்யூ

மொதல்ல டீ பத்தி சொல்லிடுறேன், ஏன்னா அதுக்கப்புறம் எல்லாமே சண்டை தான். பாய்லர் டீ, கண்ணாடி கிளாஸ், 15 ரூபா. ஸ்ட்ராங்கா கேட்டா நிஜமாவே ஸ்ட்ராங்கா வருது, டிக்காஷன்ல தண்ணி ஊத்தி ஏமாத்துற வேலை இல்ல. சக்கரை மட்டும் சொல்லலன்னா தூக்கலா போட்ருவாங்க, அதனால வாய தொறந்து "கம்மி"ன்னு சொல்லிடுங்க. மெதுவடை சூப்பர், அதுக்கு குடுக்குற கெட்டி சட்னி அதைவிட சூப்பர். காபி பக்கம் போயிடாதீங்க, வேண்டாம். கடை பேரு போடல, ஏன்னா ஓனர் அண்ணாச்சி "போட்டோல்லாம் எடுத்துப் போட்டு கூட்டம் சேத்துராதீய தம்பி, இருக்கதே ரெண்டு பெஞ்சு"ன்னு சொல்லிட்டாரு. எஸ்டேட் உள்ள சுத்துறவங்களுக்கு எந்தக் கடைன்னு இந்நேரம் புரிஞ்சிருக்கும்.

விஷயம் என்னன்னா இந்தக் கடைல இப்ப சிகரெட் விக்கிறதில்ல, நிறுத்திட்டாங்க. வேற கடைல வாங்கிட்டு வந்து இங்க நின்னு பத்த வைக்கவும் விடமாட்டாரு. டீக்கடைன்னா தூண்ல ஒரு லைட்டர் கயித்துல தொங்கும்ல, அது இங்க இல்ல. மெட்ராஸ்ல டீயும் தம்மும் ஒண்ணா சேந்தது தான் டீ பிரேக்கே, அப்படி இருக்கப்ப இது கிட்டத்தட்ட கலவரத்துக்கு சமம். எங்க டீம்ல பாதி பேரு முதல் வாரத்துலயே கடைய மாத்திட்டானுங்க. மிச்சம் வர்றவங்கள்ல ஒருத்தன் மட்டும் டீ குடிச்சிட்டே அண்ணாச்சிகிட்ட வாதம் பண்ணிட்டு போவான். "விக்கிறது சட்டப்படி சரி, வரி வாங்குறது சரி, நான் என் காசுல வாங்கி குடிச்சா மட்டும் தப்பா? இது என்னோட பெர்சனல் ஃப்ரீடம் அண்ணாச்சி"ம்பான். அண்ணாச்சி வடைய திருப்பிட்டே "உம் ஃப்ரீடத்த ரோட்டுல போய் வச்சிக்கோ, எங்கடைல வேண்டாம்"பாரு.

காமெடி என்னன்னா அண்ணாச்சி சொன்னது ஏறக்குறைய சட்டமே தான். 2003ல வந்த புகையிலை கட்டுப்பாட்டு சட்டத்துல (கோட்பான்னு சொல்லுவாங்க) பொது இடத்துல புகைபிடிக்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா திறந்தவெளி அந்த பொது இடம்ங்கிற கணக்குல வராது. அதாவது கடை கூரைக்கு கீழ நின்னா 200 ரூபா வரைக்கும் ஃபைன், ஒரு படி இறங்கி ரோட்டுல நின்னா ஒண்ணும் இல்ல. அன்புமணி மத்திய அமைச்சரா இருந்தப்ப 2008 அக்டோபர் 2லேந்து வந்த விதில இன்னும் தெளிவா போட்டிருக்காங்க, ஆஷ்ட்ரே, தீப்பெட்டி, லைட்டர் எதுவும் பொது இடத்துல வைக்கக் கூடாதாம். அப்ப நம்மூரு டீக்கடைல தொங்குற லைட்டர் மொத்தமும் சட்டவிரோதம், எவன் பாக்குறான். 60க்கு 30 சென்டிமீட்டர்ல போர்டு மாட்டணும், யாராவது பத்த வச்சா யார்கிட்ட கம்ப்ளைன்ட் பண்றதுன்னு பேரும் போடணும். இங்க போர்டு மாட்டிருக்காரு, பேருக்கு நேரா அவர் பேரே தான் இருக்கு, ஆக கம்ப்ளைன்ட் பண்ணா நேரா கரண்டியோட தான் வருவாரு.

ஏன் நிறுத்துனீங்கன்னு கேட்டேன். பெருசா கொள்கை எல்லாம் பேசல. "மருமவ தான் வடை போடுதா. மாசமா இருந்தப்ப புகை ஆவலன்னா, நிறுத்துனோம். பொறவு புள்ள பொறந்தாச்சு, ஆனா திருப்பி ஆரம்பிக்க மனசு வரல." யாவாரம் அடி வாங்குச்சாண்ணேன், சாயங்காலம் நல்லாவே அடி வாங்குச்சாம். ஒரு சிகரெட்ல கடைக்காரருக்கு நிக்கிறது சில்லறை தான், ஆனா அதுக்கு வர்றவன் தான் டீ, பிஸ்கட், தண்ணி பாட்டில்னு வாங்குவான்.

ஆனா வேற ஒரு கூட்டம் வந்திருக்கு பாருங்க, அத தான் நான் பெருசா சொல்லுவேன். காலைல ஷிப்ட் மாறுற நேரம் போனீங்கன்னா எக்ஸ்போர்ட் கம்பெனி அக்காங்க அஞ்சாறு பேரு பெஞ்சுல உக்காந்து டீ குடிச்சிட்டு சத்தமா சிரிச்சிட்டு இருப்பாங்க. நான் இத்தனை வருஷம் இந்த ஏரியால வேலை பாக்குறேன், டீக்கடை பெஞ்சுல பொம்பளைங்க உக்காந்து பாத்ததே அபூர்வம், பார்சல் வாங்கிட்டு ஓரமா நின்னு போயிடுவாங்க. புகை மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ஆனா புகையோட சேந்து வர்ற அந்த ஆம்பள கும்பலும் வழிய மறிச்சு நிக்கிறதும் போனதும் இடம் காலியாச்சு, அவங்க உக்காந்துட்டாங்க. ஃப்ரீடம் ஃப்ரீடம்ங்கிறான்ல நம்மாளு, டீக்கடைல உக்காந்து டீ குடிக்கிற ஃப்ரீடம் இவ்ளோ நாள் யாருக்கு இருந்துச்சுன்னு அவன்கிட்ட கேட்டேன், பதில் வரல, இன்னொரு வடை சொன்னான்.

இந்த வாதம் புதுசும் இல்ல. 1999லயே கேரளா ஹைகோர்ட்டு பொது இடத்துல புகைபிடிக்கிறது மத்தவனோட வாழ்ற உரிமைய பாதிக்குதுன்னு சொல்லி தடை போட்டுச்சு, 2001ல காங்கிரஸ்காரர் முரளி தியோரா போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட்டும் அதே வாழ்ற உரிமைய (அரசியல் சட்டத்துல ஆர்டிகிள் 21) பிடிச்சு ஆஸ்பத்திரி, ஸ்கூல், லைப்ரரி, கோர்ட்டு, பஸ், ட்ரெயின் எல்லாத்துலயும் நிறுத்த சொல்லுச்சு. குடிக்கிறவன குடிக்காதன்னு எந்த கோர்ட்டும் சொல்லல, பக்கத்துல இருக்கவன ஏன் குடிக்க வைக்கிறன்னு தான் கேட்டுச்சு.

எனக்கு கடுப்பாகுறது வேற இடத்துல. 30 சீட்டு, அதுக்கு மேல இருக்க ரெஸ்டாரன்ட், 30 ரூம் இருக்க ஹோட்டல், அப்புறம் ஏர்போர்ட், இவங்க மட்டும் தனியா ஸ்மோக்கிங் ஏரியா வச்சிக்கலாமாம். நாலு பக்கமும் முழு சுவரு, தானா மூடுற கதவு, புகை வெளிய போக தனி காத்து வழி, எல்லாம் விதில இருக்கு. காசு இருக்கவன் ஃப்ரீடத்துக்கு ஏசி ரூம், டீக்கடை லோடுமேனுக்கு ரோட்டு வெயில். இத ஒருநாள் பெஞ்சுல உக்காந்து பெருமையா சொல்லிட்டு இருந்தேன், எங்க ஆபீஸ்ல கூட வேலை பாக்குற பொண்ணு, அவங்களும் தம் அடிப்பாங்க, டக்குனு மடக்குனாங்க. "உங்களுக்கென்ன, ரோட்டுல நின்னு பத்த வைப்பீங்க. நான் ரோட்டுல பத்த வச்சா மொத்த கிண்டியும் வேலைய விட்டுட்டு பாக்கும், ஒருத்தன் வீடியோ எடுப்பான். எனக்கு அந்த ரூம் தான் வழி"ன்னாங்க. அது நியாயம் தான், நான் அப்படி யோசிச்சதில்ல.

இருந்தாலும் அந்த ரூம் மேல எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. அந்த ரூம்ல புகைபிடிக்கிறது தவிர வேற எந்த சர்வீஸும் கூடாதுன்னு விதியே சொல்லுது. ஆனா நான் போன ஒரு இடத்துல வெயிட்டர் தம்பி உள்ள வந்து ஆர்டர் எடுத்தான், தட்டு வச்சான், ஆஷ்ட்ரே மாத்தினான், ராத்திரி அந்த ரூம எவனோ ஒருத்தன் பெருக்கவும் செய்யணும்ல. சம்பளத்துக்காக நிக்கிறவன்கிட்ட போய் "உனக்கு புகை புடிக்கலன்னா வேற வேலை பாரு"ன்னு சொல்றத சாய்ஸ்னு எப்படி சொல்றது. 2020ல ஒரு திருத்த மசோதா வரைவு வந்துச்சு, அந்த ரூமையும் எடுத்துடுறோம், லூஸ் சிகரெட் விக்கிறதையும் நிறுத்துறோம்னு போட்டிருந்தாங்க, அதோட சரி. லூஸ் மேட்டர் சின்ன விஷயம் இல்ல, 2016லேந்து பாக்கெட்ல 85 சதவீதத்துக்கு எச்சரிக்கை படமும் வாசகமும் இருக்கு, ஒண்ணு ஒண்ணா வாங்குறவன் அந்தப் பாக்கெட்ட பாக்குறதே இல்ல. தெரிஞ்சு தான் குடிக்கிறேன்னு சொல்றவன்ல எத்தனை பேரு அத கைல வச்சு பாத்திருக்கான்.

அண்ணாச்சி கடை டீ மாஸ்டரே பீடி ஆளு, அத சொல்லாம விட்டா தப்பு. கூட்டம் குறைஞ்சதும் கடைய விட்டு தள்ளி மரத்தடிக்கு போய் ஒண்ணு இழுத்துட்டு வருவாரு, யாரும் அவர திட்டுறதும் இல்ல அட்வைஸ் பண்றதும் இல்ல. அந்த மரத்தடி இப்ப எங்க டீம் பசங்களுக்கும் ஸ்பாட் ஆயிடுச்சு, கைல டீ கிளாஸோட போய் நிக்கிறானுங்க, கிளாஸ அங்கயே விட்டுட்டு வந்துடுறானுங்க, கழுவுற பையன் பொறுக்கிட்டு வரான். அண்ணாச்சி இதுக்காவது பேப்பர் கப் வைக்கலாம், கேட்டா "காகிதத்துல குடிச்சா அது டீயா"ங்கிறாரு.

குறைன்னு பாத்தா உக்கார இடம் பத்தல, மழை பெஞ்சா பாதி பெஞ்சு நனையும், ஜிபே ஸ்கேனர் வேலை செய்யாதப்ப சில்லறை இல்லன்னா சாக்லேட் குடுப்பாங்க. அப்புறம் தம் கேட்டு வர்ற புது ஆளுங்கள அண்ணாச்சி கொஞ்சம் முகத்துல அடிச்ச மாதிரி தான் அனுப்புறாரு, பொறுமையா சொல்லலாம். அஞ்சுக்கு நாலு குடுக்குறேன், காபிக்காக ஒண்ணு புடிச்சிக்கிட்டேன். வாழக்கா பஜ்ஜி சாயங்காலம் நாலு மணிக்கு மேல, அஞ்சரைக்குள்ள தீந்துடும், ஞாயித்துக்கிழமை கடை லீவு.