சிபாப் மாஸ்க்: நீண்ட காலம் அணிந்து உறங்கியவரின் அனுபவம்

தூக்கத்தில் மூச்சு தடைபடும் ஸ்லீப் அப்னியாவுக்கு, மாஸ்க் வழியே காற்றை அழுத்தத்தோடு செலுத்தி மூச்சுவழியைத் திறந்துவைக்கும் சிபாப் பரிந்துரைக்கப்பட்டவர்கள் எந்தக் கருவியை வாங்கலாம் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். இத்தனை காலம் பயன்படுத்திய பிறகு, மாஸ்க்கைப் பற்றித்தான் முதலில் விசாரிக்க வேண்டும் என்பேன். தானாக அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்றைய கருவிகள் பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. நீர் அழுத்தம் வரை காற்றைத் தருகின்றன. உறங்குபவருக்கு அவற்றிடையே உள்ள வேறுபாடு அவ்வளவாகத் தெரிவதில்லை. அந்தக் காற்று வழியில் கசியாமல் தொண்டை வரை போய்ச் சேருவதுதான் கடினம். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவனும் அவருடைய குழுவினரும் இச்சிகிச்சையை முதன்முதலாக விவரித்த காலத்தில் ஆயத்த மாஸ்க் எதுவும் கிடையாது; நோயாளியின் மூக்கில் சிலிக்கோன் பசையைத் தடவித்தான் அடைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைய மாஸ்க்குகளைக் குறைசொல்லச் சற்றுத் தயக்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் சொல்லியாக வேண்டியவை உண்டு.

எனக்குக் கண்டறியப்பட்டது தீவிர வகை, அதாவது மணிக்கு 30 முறைக்கு மேல் மூச்சு தடைபடுவது. வாயைத் திறந்தபடி உறங்குபவன் என்பதால் மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கைத்தான் கொடுத்தார்கள். மூக்குத்தண்டில் விடியும்போது சிவந்த தழும்பு, கண்ணுக்குள் வீசும் காற்று, காலையில் எரிச்சல் என்று அதன் தொல்லைகள் வரிசையாக வந்தன. இவற்றைவிட முக்கியமான ஒன்று வெளியே தெரிவதில்லை: பட்டைகளை இறுக்கும்போது இவ்வகை மாஸ்க் கீழ்த்தாடையைப் பின்னோக்கித் தள்ளுகிறது, தாடையோடு நாக்கும் பின்னால் போய், எந்த மூச்சுவழியைத் திறப்பதற்காகக் காற்றைச் செலுத்துகிறோமோ அதே வழியைக் குறுக்குகிறது. மூக்கை மட்டும் மூடும் நேசல் மாஸ்க்கைவிட ஃபுல் ஃபேஸுக்குப் பல நேரங்களில் கூடுதல் அழுத்தம் தேவைப்படுவது மருத்துவ ஆய்வுகளிலும் பதிவாகியிருக்கிறது.

வாய் திறப்பதற்குப் பழக்கத்தைக் காட்டிலும் மூக்கடைப்புதான் காரணம் என்று பிறகு பார்த்த காது மூக்கு தொண்டை மருத்துவர் சொன்னார். உப்புநீரால் மூக்கைக் கழுவுவது, அவர் எழுதிக்கொடுத்த ஸ்பிரே, கருவியில் காற்றைச் சூடாக்கி ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபையர் ஆகிய மூன்றும் சேர்ந்தபோது வாய் பெரும்பாலும் மூடியே இருந்தது. அதன் பிறகுதான் நேசல் மாஸ்க்குக்கு மாற முடிந்தது. வாயால் மூச்சுவிடுபவர் என்றவுடன் ஃபுல் ஃபேஸை எடுத்து நீட்டிவிடுவதை நான் ஏற்கவில்லை. மூக்கை ஒருமுறை சோதித்த பிறகு முடிவுசெய்யலாம். மூக்கின் நடுத்தடுப்பு வளைந்திருப்பது, நிரந்தர அடைப்பு போன்றவை உள்ளவர்களுக்கு ஃபுல் ஃபேஸ் தேவைப்படலாம் என்பது வேறு விஷயம்.

எந்த வகையானாலும் கசிவு என்றவுடன் கை தானாகப் பட்டையைத்தான் இறுக்கும், பலருக்குச் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. மாஸ்க்கில் முகத்தின் மீது படியும் சிலிக்கோன் குஷனின் உட்புற விளிம்பு மெல்லிய சவ்வு போன்றது. காற்று நிரம்பி உப்பும்போதுதான் அது முகத்தின் மேடுபள்ளங்களோடு படிந்து அடைக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் சவ்வு மடங்கி, மடிப்பின் வழியே காற்று பீறிடும். ஆகவே கண்ணாடி முன் நின்று மாஸ்க்கைச் சரிசெய்வதில் பயனில்லை. உறங்கும் நிலையிலேயே படுத்து, கருவியை முழு அழுத்தத்தில் ஓடவிட்டு, மாஸ்க்கை முகத்திலிருந்து ஒரு விரல் அகலம் முன்னுக்கு இழுத்துக் குஷன் உப்பியதும் மெல்ல இறக்கிவிட்டு, அதன் பிறகு இரு பக்கப் பட்டைகளையும் ஒரே அளவில் சேர்த்து இழுக்க வேண்டும். பட்டைக்குக் கீழே இரண்டு விரல் நுழைய வேண்டும். படுத்தவுடன் கன்னச் சதை பக்கவாட்டில் சரிவதால் உட்கார்ந்த நிலையில் கச்சிதமாக இருந்த அளவு படுக்கையில் பொருந்தாது. தாடி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சிரமம் இரட்டிப்பு.

மூக்குத் துவாரத்தில் மட்டும் பொருந்தும் நேசல் பில்லோ மிக இலேசானது. கண்ணாடி அணிந்து படித்தபடியே உறங்கலாம், ஒருக்களித்துப் படுப்பவர்களுக்கும், முகம் மூடப்பட்டாலே மூச்சு முட்டுவதாக உணர்பவர்களுக்கும் இதமானது. ஆனால் அழுத்தம் கூடும்போது காற்று நேரே துவாரத்துக்குள் பாய்வதால் எனக்குப் புண்ணாகிவிட்டது. மூக்குத்தண்டுக்கு ஓய்வு தேவைப்படும் இரவுகளுக்கு மட்டும் அதை வைத்திருக்கிறேன். குழாய் உச்சந்தலையில் இணையும் மாஸ்க்குகளில், புரண்டு படுக்கையில் குழாய் சுற்றிக்கொள்ளும் தொல்லை இல்லை, காற்றோடும் ஒலிதான் காதருகே கேட்கிறது.

தேர்வைச் சரிபார்க்க, கருவி பதிவுசெய்யும் எண்களைத் தவிர வேறு நல்ல வழி இல்லை. பரவலாகப் பயன்படும் ஒரு வகைக் கருவியில் கசிவு நிமிடத்துக்கு 24 லிட்டரைத் தாண்டினால் அதிகம் என்று காட்டும். மணிக்கான மூச்சுத்தடை எண் 5க்குக் கீழே நிற்பதையே மருத்துவர்கள் பொதுவாக எதிர்பார்க்கிறார்கள். மாஸ்க் வகையை மாற்றினால், கருவியின் அமைப்பிலும் அதை மாற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் கசிவுக் கணக்கே தவறிப்போகும். மாஸ்க்கின் முன்புறம் இருக்கும் சிறு துளைகளிலிருந்து சீறிவரும் காற்றைக் கசிவென்று எண்ணி யாரும் டேப் ஒட்டிவிடக் கூடாது. நாம் வெளிவிடும் கரியமில வாயு வெளியேறுவது அவற்றின் வழியாகத்தான்.

வாங்கும் முன், பட்டையை மாஸ்க்கோடு இணைக்கும் காந்தக் கொக்கிகளைக் கவனியுங்கள். கழற்றி மாட்ட மிகவும் வசதியானவைதான், ஆயினும் பேஸ்மேக்கர், மூளை இரத்தக்குழாயில் உலோகக் கிளிப் போன்றவை பொருத்தப்பட்டவர்களுக்கு ஆபத்தாகலாம் என்று 2022இலிருந்து எச்சரிக்கைகள் வெளிவந்துள்ளன. அதே படுக்கையில் உறங்கும் துணைவருக்கு அத்தகைய கருவி இருந்தாலும் காந்தமில்லாத மாஸ்க்கே வாங்க வேண்டும்.

பராமரிப்பில் பெரிய வேலை எதுவுமில்லை. முகத்தின் எண்ணெய்ப்பசை சிலிக்கோனைக் கெடுப்பதால் குஷனைத் தினமும் மென்மையான சோப்பு நீரில் கழுவி, வெயில் நேரே படாத இடத்தில் உலர்த்துகிறேன். நுரை வகைக் குஷன்களை மட்டும் நனைக்கக் கூடாது. பட்டை நெகிழ்ந்து, ஒட்டும் முனையை வழக்கமான இடத்தைத் தாண்டி இழுத்து ஒட்ட வேண்டிவந்தால், குஷனைப் புதிதாக வாங்கியும் கசிவு குறையாது. பட்டையைத்தான் முதலில் மாற்ற வேண்டும்.