ஆண்டாய்வா, தேர்ச்சி விழுக்காடா, சுயமதிப்பீடா, செயலியா: ஆசிரியரை எது சரியாக எடைபோடுகிறது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளி ஆசிரியருக்கு ஆண்டு முடிவில் மதிப்பெண் போட்டுத் தரும் அட்டை எதுவும் இல்லை. மாணவர் மதிப்பெண்ணுக்கும் சம்பளத்துக்கும் நேரடித் தொடர்பும் கிடையாது. தொடர்ந்த 3 ஆண்டுக்குள் 2 ஆண்டு பணி பார்த்தால் தகுதிகாண் பருவம் முடியும். ஊதிய உயர்வு ஆண்டுக்கொரு முறை வந்துவிடும். 10 ஆண்டில் தேர்வுநிலை, 20 ஆண்டில் சிறப்புநிலை என்ற ஊதிய நிலைகளும் வரும். பேனல் எனப்படும் பதவி உயர்வுக்குரியோர் பட்டியல் தயாராகும்போது பணிமூப்பையும் கல்வித் தகுதியையும் பார்ப்பார்கள். தண்டனையோ நிலுவையில் குற்றச்சாட்டோ இருக்கிறதா என்று பார்ப்பார்கள். வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துகிறார் என்ற கேள்விக்கு இந்த வரிசையில் இடமே இல்லை.

ஆனாலும் மதிப்பீடு நடக்கத்தான் செய்கிறது. அதிகாரியின் ஆய்வு, பொதுத்தேர்வுத் தேர்ச்சி விழுக்காடு, ஆசிரியரே நிரப்பும் சுயமதிப்பீட்டுப் படிவம், செயலியில் ஏறும் அன்றாடப் பதிவு என்று நாலு வழிகளில் நடக்கிறது. நாலும் வெவ்வேறு தேவைக்காக வந்தவை. ஒன்றுக்காகச் செய்ததை இன்னொன்றுக்குப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். நகரத்து மேல்நிலைப் பள்ளியும் அஞ்செட்டி மலைப்பக்கத்து ஈராசிரியர் பள்ளியும் ஒரே அளவுகோலுக்குள் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

தேர்ச்சி விழுக்காடு

மே மாதம் முடிவு வந்ததும் எல்லோர் கண்ணிலும் படுவது இதுதான். மாவட்டத்துக்கு இடம், பள்ளிக்கு விழுக்காடு, பாடத்துக்கு விழுக்காடு. குறைந்த பாடத்தின் ஆசிரியர் மீளாய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டும். மறைக்க முடியாத எண், வெளியார் திருத்திய விடைத்தாள், மாநிலம் முழுக்க ஒரே வினாத்தாள் ஆகிய மூன்றும் இதன் பலம். அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது.

பலவீனம் கணக்கிலேயே இருக்கிறது. 24 பேர் எழுதும் உயர்நிலைப் பள்ளியில் 3 பேர் தவறினால் தேர்ச்சி 87.5 விழுக்காடு. 120 பேர் எழுதும் பள்ளியில் அதே 3 பேர் தவறினால் 97.5. சிறிய பள்ளியில் ஒரு பிள்ளையின் எடை 4 விழுக்காட்டுக்கும் மேல். பெரிய பள்ளியில் ஒன்றுக்கும் கீழ். இரண்டையும் ஒரே பட்டியலில் மேலும் கீழுமாக அடுக்கினால் அளக்கப்படுவது ஆசிரியரின் திறமை அல்ல, பள்ளியின் பருமன். சிறிய பள்ளிக்கு ஒரே ஆண்டின் எண்ணைப் பார்ப்பதில் பொருளில்லை. 3 ஆண்டுகளில் எழுதியவர்களையும் தேர்ச்சி பெற்றவர்களையும் தனித்தனியே கூட்டி, பிறகு விழுக்காடு போட வேண்டும். மூன்று விழுக்காடுகளின் சராசரி எடுப்பது தவறு.

இரண்டாவது ஓட்டை பகுதி எண்ணில். விழுக்காடு கணக்கிடுவது தேர்வெழுதியவர்களை வைத்து. கட்டட வேலைக்குப் போகும் பெற்றோரோடு பெங்களூருக்குப் பாதி ஆண்டில் கிளம்பிவிட்ட பையன் தேர்வுக்கு வரவில்லை என்றால் விழுக்காடு குறைவதில்லை. சில நேரம் ஏறும். ஊத்தங்கரை, பென்னாகரம், அரூர் பக்கம் இது புதிய செய்தி இல்லை. அவனைத் தேடிப்போய் அழைத்து வந்து எழுதவைத்த ஆசிரியரின் எண் இறங்கும். கண்டுகொள்ளாமல் விட்டவரின் எண் நிற்கும். ஆகவே 9ஆம் வகுப்பில் இருந்தவர், 10ஆம் வகுப்பில் பெயர்ப்பட்டியலில் ஏறியவர், எழுதியவர், தேர்ச்சி பெற்றவர் என்ற நான்கு எண்களையும் கேட்காத மீளாய்வு அரைகுறை மீளாய்வு.

மூன்றாவது, 35ஐச் சுற்றி நடக்கும் வேலை. விழுக்காடு மட்டுமே அளவுகோல் என்றால் 28 மதிப்பெண் வாங்குபவரை 35க்குத் தள்ளுவது லாபம். 62ஐ 80 ஆக்குவதற்குக் கணக்கில் இடமில்லை. ஜனவரிக்குப் பிறகு மெல்லக் கற்போருக்கு மட்டும் சிறப்பு வகுப்பு, நடுவில் இருப்பவர்களுக்கு எழுத்துவேலை என்று பல பள்ளிகளில் போவது இதனால்தான். பள்ளியின் மீது பழியில்லை. அளவுகோல் அப்படி வளைக்கிறது. 0–34, 35–50, 51–70, 71உம் அதற்கு மேலும் என்று நாலு கட்டமாகப் பிரித்து, காலாண்டில் எந்தக் கட்டத்தில் எத்தனை பேர், பொதுத்தேர்வில் எத்தனை பேர் என்று பார்த்தால் இந்தச் சாய்வு உடனே தெரிந்துவிடும். காலாண்டுத் தேர்வில் பாடப்பகுதி குறைவு என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாட ஆசிரியரை மட்டும் தனியே பார்க்க ஒரு எளிய வழி உண்டு: அதே பிள்ளைகள் மற்ற நாலு பாடங்களில் எப்படி எழுதினார்கள்? கணக்கும் ஆங்கிலமும் எங்குமே பின்தங்கும் என்பதால், அடுத்து வட்டாரத்தில் அதே பாடத்தின் நிலையோடு ஒப்பிட வேண்டும். இரண்டிலும் தொடர்ந்து கீழே இருந்தால் அப்போது பேசலாம். அந்தப் பணியிடம் ஆண்டின் பாதி காலியாக இருந்ததா என்று முதலில் கேட்டுவிட்டுப் பேச வேண்டும்.

ஆண்டாய்வும் பார்வையும்

வட்டாரக் கல்வி அலுவலர் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கும், மாவட்டக் கல்வி அலுவலரும் முதன்மைக் கல்வி அலுவலரும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கும் வருவது. நாலு வழிகளில் வகுப்பறைக்குள் நுழையக்கூடியது இது ஒன்றுதான். அதனாலேயே, ஒழுங்காகச் செய்தால் இதற்கு ஈடு வேறில்லை.

ஒழுங்காகச் செய்வது என்றால் என்ன? ஒரு பாடவேளை முழுக்கப் பின் பெஞ்சில் உட்கார வேண்டும். ஆசிரியர் பேசிய நேரம், பிள்ளைகள் வாசித்த நேரம், எழுதிய நேரம், சும்மா இருந்த நேரம் ஆகியவற்றைக் கடிகாரம் பார்த்துக் குறிக்க வேண்டும். வாசிக்கச் சொல்லும் பிள்ளைகளை ஆசிரியர் தேர்ந்தெடுக்கக் கூடாது. வருகைப் பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது, பதினைந்தாவது என்று எண்ணி அழைக்க வேண்டும். நடத்தி முடித்த பாடத்தின் ஒரு பத்தியையும், புத்தகத்தில் இல்லாத எளிய பத்தி ஒன்றையும் கொடுக்க வேண்டும். முதலாவதைச் சரளமாக ஒப்பிக்கும் பிள்ளை இரண்டாவதில் எழுத்துக்கூட்டினால், அங்கே நடந்தது மனப்பாடம்.

பிறகு ஏடுகள். கட்டுரை ஏட்டில் சிவப்பு மையால் கையெழுத்து இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. பிழையை அடையாளம் காட்டியிருக்கிறாரா, பிள்ளை அதைத் திருத்தி எழுதியிருக்கிறதா, அதே பிழை அடுத்த பக்கத்தில் மறுபடி வருகிறதா என்பதே கேள்வி. மூன்று ஏடுகளை இப்படிப் புரட்டினால் போதும், ஆண்டு முழுக்க நடந்த வேலை தெரிந்துவிடும். பாடக்குறிப்பேட்டை இரவோடு இரவாக எழுதி முடிக்கலாம். முப்பது பிள்ளைகளின் ஏட்டில் ஆறு மாதப் பிழைதிருத்தத்தை அப்படி உண்டாக்க முடியாது.

நடைமுறையில் கெடுவது எங்கே? ஆண்டாய்வுத் தேதி முன்கூட்டியே தெரியும். சுவருக்குச் சுண்ணாம்பு, மேசைக்குத் துணி, ஒத்திகை பார்த்த பாடம் எல்லாம் தயாராக இருக்கும். அதிகாரி வந்ததும் தலைமையாசிரியர் அறையில் பதிவேடுகளின் அடுக்கு காத்திருக்கும்: வருகை, வேலைப்பதிவேடு, மதிப்பெண் பதிவேடு, இருப்புப் பதிவேடு, சத்துணவுக் கணக்கு. அவற்றைப் பார்ப்பதற்குள் மதியம் ஆகிவிடும். வகுப்புக்குக் கிடைப்பது பத்து நிமிடம். தளி, கெலமங்கலம் வட்டாரங்களில் ஒரு பள்ளிக்கும் அடுத்த பள்ளிக்கும் இடையிலான தூரமே நேரத்தைத் தின்றுவிடும். சாலையோரப் பள்ளிகள் அடிக்கடி பார்க்கப்படும், உள்ளே இருப்பவை எப்போதாவதுதான்.

எல்லைப் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைகள் தமிழ்வழி வகுப்பில் நிறைய. இரண்டாம் வகுப்பில் அப்பிள்ளை தமிழ்ப் பத்தியைத் தயங்கி வாசித்தால் அது ஆசிரியரின் குறையா, மொழியின் தூரமா? ஒரே பார்வையில் தெரியாது. ஜூலையில் ஒருமுறை, பிப்ரவரியில் ஒருமுறை, அதே பிள்ளைகளைக் கேட்டால்தான் தெரியும். ஒற்றை ஆய்வை வைத்து அங்கே தீர்ப்பு எழுதுவது அநியாயம்.

சுயமதிப்பீட்டுப் படிவம்

பின்டிக்ஸ் என்று ஆசிரியர்கள் சொல்லும் இது என்சிஇஆர்டி உருவாக்கியது; தொடக்கக் கல்வி ஆசிரியர்களுக்கானது. ஏழு தலைப்புகள்: கற்றல் அனுபவத்தைத் திட்டமிடல், பாட அறிவு, கற்பிக்கும் உத்தி, பிறருடன் உறவு, தொழில்சார் வளர்ச்சி, பள்ளி வளர்ச்சி, வருகை. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை நிலை. 3 என்றால் எதிர்பார்ப்பை எட்டியவர், 4 என்றால் தாண்டியவர். ஆசிரியர் நிரப்ப, தலைமையாசிரியர் பார்க்க, வட்டார வள மையத்துக்குப் போக வேண்டும்.

கேள்விகள் நன்றாகவே இருக்கின்றன. நாலு வழிகளிலும் கற்பித்தலைப் பற்றி விரிவாகக் கேட்பது இதுதான். ஆனால் நிரப்பும் விதத்தில் சாரம் போய்விடுகிறது. 1, 2 போட்டால் விளக்கம் கேட்பார்களோ என்ற பயம். எல்லாம் 4 போட்டால் சான்று கேட்பார்களோ என்ற பயம். ஆகவே வரிசையாக 3. கடைசி நாள் என்றால் ஒருவர் நிரப்பியதை மற்றவர் பார்த்து நிரப்புவார்.

ஈராசிரியர் பள்ளியில் இது இன்னும் வேடிக்கை. கல்வி உரிமைச் சட்ட அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர். மற்றவரின் படிவத்தை அவர் சரிபார்ப்பார். அவருடையதை? பள்ளிக்குள் ஆளில்லை. அருகிலுள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் பக்கத்துப் பள்ளி ஆசிரியரோடு படிவத்தை மாற்றிக்கொண்டு, ஒருவர் வகுப்பை மற்றவர் ஒரு பாடவேளை பார்த்துப் பேசினால் இந்தப் படிவம் உயிர்பெறும். இல்லையென்றால் காகிதம்தான். ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே ஒரு வரிச் சான்று எழுதுவது குறைந்தபட்ச ஒழுங்கு: எந்த வகுப்பு, எந்த மாதம், எந்த ஏடு.

செயலிப் பதிவு

பள்ளிக் கல்வித் துறையின் தகவல் தளமான எமிஸிலும் டிஎன்எஸ்இடி செயலியிலும் வருகை பதிவாகிறது. பிறகு மதிப்பீடுகளும் வந்து சேர்ந்தன. தொடக்க வகுப்புகளுக்காக 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துச் சொல்லித்தர வேண்டும். பாடம் நடக்கும் காலத்திலேயே செய்யும் வளரறி மதிப்பீட்டைச் செயலியில் பதிய வேண்டும்.

வருகைக்கு இது நல்ல கருவி. பள்ளிக்கு வராதவரைக் கண்டுபிடிக்க மாதக் கடைசி வரை காத்திருக்க வேண்டியதில்லை. கற்பித்தலுக்கு இது அளவுகோல் ஆகாது, காரணம் எளிது: பிள்ளையின் நிலையைப் பதிவதும் அதே ஆசிரியர்தான். பலரை அரும்பில் காட்டினால் தன் மேல் கேள்வி. எல்லோரையும் மலரில் காட்டினால் அடுத்த வகுப்பு ஆசிரியர் தலையில் விடியும். 2023இல் பி.எட். மாணவர்களை வைத்து வெளிமதிப்பீடு செய்ய முயன்றபோது ஆசிரியர் சங்கங்கள் எதிர்த்தன. பயிற்சி முடிக்காதவர் எங்களை எடைபோடுவதா என்ற கேள்வியில் நியாயம் உண்டு. ஆனால் தானே எழுதி தானே திருத்தும் பதிவை வெளியார் நம்ப மாட்டார்கள் என்பதும் நிஜம்.

வத்தல்மலை, சித்தேரி போன்ற இடங்களில் சிக்னல் ஒரு தனிக் கதை. பதிவு ஏறவில்லை என்பதும் ஆசிரியர் வரவில்லை என்பதும் மேலே இருப்பவருக்கு ஒரே சிவப்பு நிறமாகத் தெரியும். அங்கே காகித வருகைப் பதிவேட்டில் நேரம் குறித்துக் கையெழுத்திடுவதைக் கைவிடவே கூடாது. விளக்கம் கேட்டால் அந்தப் பக்கத்தின் நகல்தான் காப்பாற்றும்.

ஒரே குறையை நாலும் எப்படிப் பார்க்கும்?

நாலாம் வகுப்பில் 12 பிள்ளைகளில் 5 பேருக்கு வாசிக்க வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். தேர்ச்சி விழுக்காட்டுக்கு இது 6 ஆண்டு கழித்துத்தான் தெரியும். அப்போது மாட்டிக்கொள்பவர் உயர்நிலைப் பள்ளித் தமிழாசிரியர். படிவத்தில் 3 என்று இருக்கும். செயலியில் மொட்டு என்று இருக்கலாம். பின் பெஞ்சில் உட்கார்ந்த அதிகாரி 20 நிமிடத்தில் கண்டுபிடிப்பார். பெற்றோர் பெரும்பான்மையாக இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவுக்கும் தெரிந்திருக்கும். அதைக் கேட்டுப் பதியும் வழக்கம்தான் குறைவு.

தேசிய அடைவு ஆய்வையும் இந்த வரிசையில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது சில பள்ளிகளை மட்டும் எடுத்து மாவட்டத்தை அளப்பது. தனி ஆசிரியர் மேல் ஏற்றிச் சொல்ல முடியாது. டெட் எனப்படும் ஆசிரியர் தகுதித் தேர்வும் அப்படித்தான்: 1.9.2025 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, ஓய்வுக்கு 5 ஆண்டுக்கு மேல் உள்ளவர்கள் 2 ஆண்டுக்குள் தேர்ச்சி பெற வேண்டும் என்றது. அது தகுதியைப் பற்றியது, வகுப்பறைச் செயல்பாட்டைப் பற்றியது அல்ல.

ஆகவே, தொடக்கப் பள்ளிக்கு ஆண்டுக்கு இரண்டு வகுப்பறைப் பார்வை முதலிடம், படிவம் அதற்குத் துணை, செயலி வருகைக்கு மட்டும். 10, 12ஆம் வகுப்புப் பாட ஆசிரியருக்கு 3 ஆண்டுக் கூட்டுக் கணக்கும் கட்டவாரி நகர்வும் முதலிடம், பார்வை துணை. 6 முதல் 9 வரைதான் யாருமே சரியாகப் பார்க்காத நடுப்பகுதி. இந்த வகுப்புகளில் பின்தங்கியவர்களுக்கான திறன் இயக்கத்தின் அடிப்படைத் தேர்வை ஆண்டுக் கடைசியில் அதே பிள்ளைகளோடு ஒப்பிட்டால் அங்கே ஒரு பிடி கிடைக்கும்.

இவற்றில் எதுவும் நேரடியாகத் தண்டனைக்கு வழியாகக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 24ஆம் பிரிவு ஆசிரியர் கடமைகளைச் சொல்கிறது: காலந்தவறாமை, பாடத்திட்டத்தை நேரத்தில் முடித்தல், ஒவ்வொரு பிள்ளையின் திறனையும் மதிப்பிட்டுத் தேவையான கூடுதல் கற்பித்தல், பெற்றோர் கூட்டம். தவறினால் பணிவிதிப்படி நடவடிக்கை, ஆனால் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பளித்த பிறகே. முதலில் விளக்கம் கோரும் கடிதம் வரும். அரசுப் பணியாளர் ஒழுங்கு விதிகளில் 17(அ) சிறு தண்டனைக்கு, 17(ஆ) குற்றச்சாட்டும் விசாரணையும் கொண்ட பெரிய நடவடிக்கைக்கு. 17(ஆ) நிலுவையில் இருந்தால் பேனலில் பெயர் சிக்கிக்கொள்ளும். விளக்கக் கடிதத்துக்குக் குறித்த நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். தேர்ச்சி குறைவு என்று கேட்டிருந்தால் வருத்தம் தெரிவிப்பதோடு நிறுத்தாமல், பெயர்ப்பட்டியல் எண், நீண்ட நாள் வராதோர் விவரம், பணியிடம் காலியாக இருந்த மாதங்கள், கட்டவாரிப் பட்டியல் ஆகியவற்றை இணைத்து, அலுவலக முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைக்க வேண்டும்.