100 சிசி பைக்கில் மைலேஜ் கூட்ட: கார்புரேட்டர் ஸ்க்ரூவா, டயர் காற்றா, வலது கையா?

பல்லடத்திலிருந்து திருப்பூருக்குத் தினமும் 100 சிசி பைக்கில் போய்வருகிறேன். ஒரு நடைக்கு 16 கிலோமீட்டர். மாதம் 25 நாள் என்றால் 800 கிலோமீட்டர். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் கிடைத்தால் 16 லிட்டர் வேண்டும். 60 கிடைத்தால் பதின்மூன்றே கால் லிட்டர் சொச்சம் போதும். லிட்டர் 100 ரூபாயைத் தாண்டி நிற்கும் காலத்தில் இந்த வித்தியாசம் மாதம் 270 ரூபாய்க்கு மேல். ஒரு கேஸ் சிலிண்டர் விலையில் கணிசமான பங்கு அது.

மைலேஜ் குறைந்துவிட்டது என்று வாயைத் திறந்தால் போதும், ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரை ‘டியூன்’ செய்யச் சொல்வார் ஒருவர். விலை கூடிய பெட்ரோல் போடச் சொல்வார் இன்னொருவர். மலையிறக்கத்தில் நியூட்ரலில் விடச் சொல்வார் மூன்றாமவர். இவற்றில் எது உண்மையில் பலன் தருகிறது, எது பணத்தைத் தின்கிறது, எது வண்டியையே கெடுக்கிறது என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். எஞ்சினைப் பிரிக்கும் வேலை எதையும் இங்கே சேர்க்கவில்லை.

அளக்காமல் ஒப்பிட முடியாது

ரிசர்வ் வந்ததும் ஒரு லிட்டர் போட்டு, மறுபடி ரிசர்வ் வரும்வரை ஓட்டிப் பார்ப்பது நம் ஊரில் பழகிய முறை. எளிதுதான், ஆனால் நம்பகம் குறைவு. டேங்க் கொஞ்சம் சாய்ந்திருந்தாலே 50 மில்லி முன்பின் ஆகிவிடும். ஒரு லிட்டர் சோதனையில் அது 5 சதவீதப் பிழை. அதைவிட டேங்கை நிரப்பிப் பார்ப்பது மேல். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, பம்ப் தானாக நிற்கும்வரை போட்டு, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். 300 கிலோமீட்டர் ஓட்டியபின் அதே பெட்ரோல் பங்கில், அதே பம்பில், அதே மாதிரி மறுபடி நிரப்புங்கள். ஐந்து லிட்டர் போடும்போது அதே 50 மில்லிப் பிழை ஒரு சதவீதமாகச் சுருங்கிவிடும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான் செய்ய வேண்டும். காற்றும் பிடித்து, ஆயிலும் மாற்றி, ஸ்பார்க் பிளக்கும் மாற்றினால் பலன் எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

ஸ்க்ரூவைத் திருகுவதும் சக்கரத்தைச் சுழற்றிப் பார்ப்பதும்

மெக்கானிக் கடையில் முதலில் நடப்பது கார்புரேட்டர் ஸ்க்ரூவில் கை வைப்பதுதான். பெட்ரோலைக் குறைத்து, காற்றைக் கூட்டினால் மைலேஜ் ஏறும் என்பது கணக்கு. கலவை அளவுக்கு மீறிச் செறிவாக இருந்தால் இது உண்மைதான். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். முனை மைபோலக் கறுத்து, விரலில் கரி ஒட்டினால் பெட்ரோல் வீணாகிறது. வெளிர் பழுப்பாக இருந்தால் கலவை சரி. சரியாக இருக்கும் வண்டியில் ஸ்க்ரூவைத் திருகினால் என்ன ஆகும் என்பதைத்தான் நிறையப் பேர் யோசிப்பதில்லை.

அந்த ஸ்க்ரூ ஆள்வது ஐடிலிங்கையும் (வண்டி நிற்கும்போது எஞ்சின் மட்டும் ஓடும் நிலை), ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சமாகத் திறந்திருக்கும் நிலையையும் மட்டுமே. சாலையில் ஐம்பதில் போகும்போது பெட்ரோல் பெரும்பாலும் கார்புரேட்டரில் உள்ள ஊசி வழியாகவும் மெயின் ஜெட் என்ற துளை வழியாகவும் வருகிறது. ஆகவே ஸ்க்ரூவை எவ்வளவு திருகினாலும் நெடுஞ்சாலை மைலேஜில் பெரிய மாற்றம் வராது. ஊருக்குள்ளோ பிக்கப் செத்துவிடும். சிக்னலில் கிளம்பும்போது வண்டி திணறும். நாம் ஆக்ஸிலேட்டரை இன்னும் முறுக்குவோம். மிச்சப்படுத்தியது அங்கேயே போய்விடும். கலவை ரொம்ப மெலிந்தால் பிளக் வெளுக்கும், எஞ்சின் சூடேறும். சில கார்புரேட்டர்களில் அந்த ஸ்க்ரூ காற்றை அளக்கிறது, சிலவற்றில் பெட்ரோலை. ஒன்றில் உள்ளே திருகினால் கலவை செறிவாகும், இன்னொன்றில் மெலியும். இது தெரியாத கை அதைத் தொடவே கூடாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் வெளியான பெரும்பாலான வண்டிகளில், கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு முறையில் பெட்ரோலைத் தெளிக்கும் எஃப்ஐ இருப்பதால் அவற்றில் இந்த வேலைக்கே இடமில்லை.

இதற்கு எதிர்ப்பக்கம் சக்கரத்தை வைக்கிறேன். செலவில்லாத சோதனை இது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, நியூட்ரலில் வைத்து, பின்சக்கரத்தைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளுங்கள். நல்ல வண்டியில் அது இரண்டு மூன்று சுற்று ஓடி, மெதுவாக நிற்கும். போன ஆண்டு ஒரு சர்வீஸ் முடிந்து வந்த என் வண்டியில் பாதிச் சுற்றிலேயே சக்கரம் நின்றது. ‘சர்... சர்...’ என்று பிரேக் ஷூ டிரம்மில் உரசும் சத்தம் தெளிவாகக் கேட்டது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய் இறங்கி டிரம்மைத் தொட்டால் கை சுட்டது. பிரேக் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்று நட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருந்தார்கள். பின்பிரேக் கம்பியின் நட்டை மூன்று சுற்றுத் தளர்த்தி, பெடலின் தளர்வைச் சரிபார்த்ததும் 51-இல் நின்ற மைலேஜ் அடுத்த டேங்கில் 57-க்கு ஏறியது. அத்தனை நாளும் பிரேக்கை மிதித்துக்கொண்டே ஓட்டியதற்குச் சமம் அது. அன்று நான் ஸ்க்ரூவைத் திருகச் சொல்லியிருந்தால் நோய் ஒன்றாகவும் மருந்து வேறாகவும் போயிருக்கும்.

சக்கரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது டயர் காற்று. பல 100 சிசி வண்டிகளுக்கு முன்னால் 25, பின்னால் தனியாகப் போனால் 28 பிஎஸ்ஐ அளவில்தான் இருக்க வேண்டும். பின்னால் ஆள் ஏறினால் பின்சக்கரத்துக்குக் கூட்ட வேண்டும். உங்கள் வண்டிக்குரிய எண் கையேட்டில் இருக்கிறது. ஆனால் காற்றுப் பிடிக்கும் இடத்தில் “எவ்வளவு வைக்கட்டும் அண்ணா?” என்று தம்பி கேட்பதும் குறைவு, நாம் சொல்வதும் குறைவு. ட்யூப் உள்ள டயரில் காற்று தானாகவே மெல்ல இறங்கும். வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், சொந்தமாக ஒரு பேனா வடிவ அளவியால் பார்ப்பதே சரி. குறைந்த காற்றில் டயர் நசுங்கி நசுங்கி உருள்வதால் எஞ்சினின் உழைப்பு வெப்பமாகப் போகிறது. அளவுக்கு மேல் வைத்தாலும் நல்லதல்ல. மைலேஜ் துளி ஏறலாம், ஆனால் மழை பெய்த சாலையில் பிடிப்புக் குறையும். அந்தப் பேரம் வேண்டாம். நைட்ரஜனுக்குக் காசு கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். காற்றின் அளவு சரியாக இருந்தால் இரண்டுக்கும் மைலேஜில் வேறுபாடு தெரியாது.

செயின் மூன்றாவது. கீழ்ப்பக்கத்தின் நடுவில் விரலால் மேலும் கீழும் தள்ளினால் 25 முதல் 30 மில்லிமீட்டர் அசைவு இருக்க வேண்டும். இறுக்கமான செயின் தளர்ந்த செயினைவிடக் கெடுதல், பேரிங்கையும் தின்றுவிடும். ஆயில் என்று வந்தால் 90 கியர் ஆயிலும் ஸ்ப்ரேயும் போட்டி. கியர் ஆயில் மலிவு, ஆனால் சுற்றிலும் தெறித்து, புழுதியை இழுக்கும். ஸ்ப்ரே விலை கூடுதல், சுத்தம். மைலேஜ் கணக்கில் இரண்டும் ஒன்றே. எதையாவது 500 கிலோமீட்டருக்கு ஒருமுறை போடுகிறோமா என்பதுதான் கேள்வி. கழித்த எஞ்சின் ஆயிலை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் இரும்புத் துகள் இருக்கும்.

ஏர் ஃபில்டரை இந்த வரிசைக்குக் கொஞ்சம் கீழே வைப்பேன். அடைத்திருந்தால் கார்புரேட்டர் வண்டியில் கலவை செறிந்து பெட்ரோல் கூடுதலாகப் போகும். செம்மண் புழுதிச் சாலையில் ஓடுபவர்கள் கையேடு சொல்லும் இடைவெளிக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். எஞ்சின் வால்வைத் தள்ளும் டேப்பெட்டின் சத்தத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ‘டக டக’ என்று கேட்கிறது, அமைதியாக்குங்கள் என்று நாமே கேட்பதால் சில கடைகளில் டேப்பெட் இடைவெளியை அளவுக்கு மேல் இறுக்கிவிடுகிறார்கள். வால்வு முழுதாக மூடாமல் அழுத்தம் கசிந்து, இழுவையும் மைலேஜும் ஒன்றாக விழும். லேசான டேப்பெட் சத்தம் ஆரோக்கியத்தின் அடையாளம்.

வேகமும் நேரமும்

இதுவரை சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய பலன் வலது கையில் இருக்கிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறுகிறது. 40-லிருந்து 60-க்குப் போனால் வேகம் ஒன்றரை மடங்கு, காற்றின் தடையோ இரண்டேகால் மடங்கு. பைக்கில் நிமிர்ந்து உட்கார்ந்து போகும் மனிதனைவிட மோசமான வடிவத்தைக் காற்றுக்கு எதிரில் நிறுத்துவது கடினம். பட்டன் போடாமல் படபடக்கும் சட்டைகூட இதில் சேர்த்தி.

என் 16 கிலோமீட்டரை எடுத்துக்கொள்கிறேன். தடையில்லாமல் 60-இல் போனால் 16 நிமிடம். 45-இல் போனால் 21 நிமிடம் சொச்சம். வித்தியாசம் ஐந்து நிமிடம். நடுவில் சிக்னலும் சந்தையும் இருப்பதால் நிஜத்தில் அதுவும் மூன்றாகக் குறைகிறது. அந்த மூன்று நிமிடத்துக்காக லிட்டருக்குப் பல கிலோமீட்டரைக் கொடுக்கிறோம். காலையில் கொஞ்சம் முன்னால் கிளம்புவது என் வண்டிக்கு நான் வாங்கிய மிக நல்ல உதிரிப் பாகம் என்றே நினைக்கிறேன்.

அதற்காக நாலாம் கியரில் 25-இல் உருட்டக் கூடாது. எஞ்சின் அதிர்ந்து திணறும்போது பெட்ரோல் மிச்சமாகாது. முறுக்கிப் பிடித்துப் பிரேக் அடிக்கும் பழக்கமும் அப்படியே. எதிரே சிவப்பு தெரிந்ததும் கையைத் தளர்த்தி உருண்டு சேர்பவருக்கும், கடைசிவரை முறுக்கிப் போய் நிற்பவருக்கும் சிக்னல் ஒரே நேரத்தில்தான் பச்சையாகிறது.

இறக்கத்தில் நியூட்ரலா, கியரா?

ஏற்காட்டிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் இறங்குபவர்கள் கேட்கும் கேள்வி. பல எஃப்ஐ வண்டிகளில் கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரை முழுதாக மூடினால், சக்கரமே எஞ்சினைச் சுழற்றுவதால் பெட்ரோல் தெளிப்பது நின்றுவிடும். நியூட்ரலில் விட்டாலோ எஞ்சின் அணையாமல் இருக்கப் பெட்ரோல் வேண்டும். ஆக, அவற்றில் கியர்தான் சிக்கனம். கார்புரேட்டர் வண்டியில் கணக்கு வேறு. மூடிய நிலையிலும் ஐடில் பாதை வழியாகக் கொஞ்சம் உறிஞ்சப்படும் என்பதால் நியூட்ரல் துளி மிச்சப்படுத்தலாம். ஆனால் மலை இறக்கத்தில் எஞ்சினின் பிடி இல்லாமல் பிரேக்கை மட்டும் நம்பினால் ஷூ சூடேறிப் பிடிப்பு மங்கும். எந்த வண்டியாக இருந்தாலும் கொண்டை ஊசி வளைவுகளில் நியூட்ரல் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

சிக்னலில் எஞ்சினை அணைப்பது எளிய விஷயம். நின்ற வண்டியின் மைலேஜ் பூஜ்யம். எண்கள் ஓடும் சிக்னலில் 20 நொடிக்கு மேல் காட்டினால் அணைத்துவிடுகிறேன். ஹீரோ வண்டிகளில் வரும் ஐ3எஸ் வசதி இதையே தானாகச் செய்கிறது.

கடையில் வாங்கும் மைலேஜ்

எக்ஸ்பி95 போன்ற விலை கூடிய பெட்ரோலின் பெருமை ஆக்டேன். ஆக்டேன் என்பது அழுத்தத்தில் தானாகத் தீப்பிடிக்காமல் தாங்கும் திறன்; எரிபொருளில் உள்ள சக்தியின் அளவு அன்று. 100 சிசி வண்டிகளின் அழுத்த விகிதம் 10-க்கு 1 அளவில்தான். சாதாரணப் பெட்ரோலுக்கென்றே வடிவமைத்த எஞ்சின் அது. லிட்டருக்கு 7 ரூபாய் கூடுதல் என்று வைத்தால், செலவு சரிக்குச் சரி ஆவதற்கே மைலேஜ் 7 சதவீதம் ஏற வேண்டும். இந்த எஞ்சினில் அது நடக்காது.

எஞ்சின் ஆயிலில் கையேடு சொல்வதை மீறாதீர்கள். 10டபிள்யூ-30 கேட்கும் வண்டிக்கு, கெட்டியாக இருந்தால் நல்லது என்று 20டபிள்யூ-50 ஊற்றினால் எஞ்சின் கூழைக் கலக்குவதுபோல உழைக்கும். மிச்சம் பிடிக்கக் கார் ஆயிலை ஊற்றுவது அதைவிடத் தவறு. பைக்கின் கிளட்ச் ஆயிலிலேயே மூழ்கியிருப்பதால் வழுக்க ஆரம்பிக்கும். டப்பாவில் பைக் ஆயிலுக்கான தரக் குறியான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்கிறதா எனப் பாருங்கள்.

செயினை இழுக்கும் முன் பல்சக்கரமான ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் கூட்டுவது மட்டும் உண்மையான போட்டியாளர். 14 பல்லை 15 ஆக்கினால் அதே வேகத்தில் எஞ்சின் 7 சதவீதம் குறைவாகச் சுழலும். சமதளத்தில், தனியாக, நெடுந்தூரம் ஓட்டுபவருக்குப் பலன் உண்டு. ஊருக்குள், பின்னால் ஆளோடு, மேம்பாலம் ஏறி இறங்குபவர் அடிக்கடி மூன்றாம் கியருக்கு இறங்கி, கிடைத்ததை இழந்துவிடுவார். என்னைப் போன்றவருக்கு வேண்டாம் என்பதே என் தீர்ப்பு.

பெட்ரோல் குழாயில் மாட்டும் காந்தத்தையும், டேங்கில் ஊற்றும் மந்திரப் புட்டியையும் இந்த வரிசையிலேயே சேர்க்க மாட்டேன். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படிப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்து, மைலேஜைக் குறிப்பிடும்படி கூட்டும் எதையும் காணவில்லை.

டேங்குக்குள் இருப்பதே மாறியிருக்கிறது என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இப்போது நாம் போடுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கான சக்தி பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்தக் கலவையால், எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கென வடிவமைத்து 10 சதவீதக் கலவைக்கு ஏற்பச் சீர்செய்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் மைலேஜ் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே மதிப்பிட்டிருக்கிறது. முன்பு 65 கொடுத்த பழைய வண்டி இன்று 62, 63 கொடுத்தால் அதில் பழுது எதுவும் இருக்க வேண்டியதில்லை; ஸ்க்ரூவைத் திருகச் சொல்லிக் கடைக்குப் போகவும் வேண்டாம். 55-க்கு விழுந்திருந்தால், சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைச் சுழற்றிப் பாருங்கள்.