ராஃப்டிங் கேட்ட பிள்ளைகளும் பிச்சாவரத்துத் துடுப்புப் படகும்

கனடாவின் ஒட்டாவா ஆற்றில் ராஃப்டிங் (சீறும் ஆற்றில் ரப்பர் மிதவையில் போவது) போய் வந்த பிள்ளைகளுக்குக் காவிரி என்றதும் அதே ஆசை. கும்பகோணத்தில் யாரைக் கேட்டாலும் சிரிக்கிறார்கள். பாறையும் சரிவும் இருந்தால்தானே ஆறு சீறும்? அதெல்லாம் மேலே கர்நாடகத்தில், குடகுப் பக்கம், துபாரேயில். கல்லணை தாண்டினால் காவிரி வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு என்று பிரிந்து வயலைத் தேடிப் போய்விடுகிறது. இது தெரிந்தும் ஒரு பயண ஏற்பாட்டாளர் ‘டெல்டா ராஃப்டிங், குடும்பப் பேக்கேஜ்’ என்று முன்பணம் கேட்டார். எந்த ஆறு, எங்கே ஏறுவது என்று கேட்டதும் பேச்சை மாற்றினார். சரி, ஆளை விடுங்கள் என்று வந்துவிட்டோம்.

கடைசியில் போனது பிச்சாவரம். அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டி, சிதம்பரம் வழியாகக் காரில். வெள்ளாறும் கொள்ளிடமும் கடலில் சேரும் முகத்துவாரங்களுக்கு நடுவே உள்ள சுரபுன்னைக் காடு இது; 2022இல் உலக முக்கியத்துவம் உள்ள சதுப்பு நிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்தது. மோட்டார் படகு, துடுப்புப் படகு இரண்டும் கிடைக்கும். கூட்டமாக வருகிறவர்கள் மோட்டாருக்கே ஓடுகிறார்கள். முதல்முறை வருகிற குடும்பத்துக்குத் துடுப்புப் படகுதான் என் சிபாரிசு. குறுகலான வாய்க்கால்களுக்குள் அதுதான் நுழையும், இரைச்சலும் இல்லை.

லைஃப் ஜாக்கெட் மாட்டியும் மாமியாருக்குப் பயம் போகவில்லை. “இங்க இடுப்பளவுதாம்மா தண்ணி, எந்திரிச்சு நின்னாலே போதும்” என்றார் படகுக்காரர். அப்புறம் “தலையைக் குனிங்க தம்பி” என்று சொல்லிச் சொல்லியே ஊன்றுவேர்களுக்கு நடுவில் படகை விட்டார். வெண்கண்டல் மரம் உப்பை இலை வழியாகத்தான் வெளியேற்றும் என்று சொல்லி, இலையைத் தடவி நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னார். சின்னவள் முகத்தைச் சுளித்துவிட்டு மறுபடியும் கேட்டாள்! 2004 சுனாமியின் வேகத்தை இந்தக் காடு தணித்ததால் பின்னால் இருந்த ஊர்கள் தப்பித்ததையும் அவரே சொன்னார். அகலமான இடம் வந்ததும் பெரியவன் கையில் துடுப்பைக் கொடுத்தார். படகு நின்ற இடத்திலேயே வட்டமடித்தது. ஆனாலும் அவனுக்கு வேகம் போதவில்லையாம், அடுத்த முறை குடகுக்குத்தான் போகவேண்டுமாம்.

போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் குழந்தைகள் தாங்காது. சிறுவர் அளவு ஜாக்கெட்டைக் கேட்டு வாங்கி, வாரை நீங்களே இழுத்துப் பாருங்கள். கையில் ரொக்கம் இருக்கட்டும். வெளிநாட்டிலிருந்து வரும், இந்திய சிம் இல்லாத நமக்கு யுபிஐ (கைபேசியில் பணம் செலுத்துவது) சுலபமில்லை.