26,500 ரூபாய்க்கு வந்த வேறொரு தட்டு: உளவுப்பட இசை சேகரிப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பழைய பொருட்களை வாங்கவும் விற்கவும் பலரும் பயன்படுத்தும் ஒரு பெரிய கைப்பேசிச் செயலியில், இரண்டு இசைத்தட்டுகளுக்காக நான் கட்டிய 26,500 ரூபாய் போய்விட்டது. தட்டை விற்றவர் திட்டமிட்டு ஏமாற்றினார். அந்தச் செயலியை நடத்தும் நிறுவனமோ, பணம் என் கையைவிட்டுப் போகும்வரை எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருந்துவிட்டு, நான் புகாரோடு போனபோது ஒவ்வொன்றாகச் சாத்தியது. புகார் நிலுவையில் இருப்பதால் செயலியின் பெயரையும் விற்றவரின் பெயரையும் இங்கே எழுதவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன், ஏனெனில் இதே ஆளிடம் எனக்கு முன்பு பணத்தை இழந்தவர்கள் யாராவது எழுதியிருந்தால் நான் தப்பியிருப்பேன்.

நான் சேகரிப்பது 1960-களின் உளவுப்படங்களுக்கான இசையும், அந்த இசையைப் பிறர் தம் போக்கில் மறுபடி வாசித்துப் பதிவுசெய்த தட்டுகளும்தான். 1962-இல் 'டாக்டர் நோ' ஜேம்ஸ் பாண்ட் பட வரிசையின் முதல் படமாக வந்து, அதற்கடுத்த சில ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உளவாளிப் படங்கள் அலையலையாய் வந்தபோது, ஜாஸ் குழுக்களும் லத்தீன் குழுக்களும் ஜமைக்காவின் ஸ்கா இசைக்காரர்களும் அதே மெட்டுகளை எடுத்துத் தத்தம் தாளத்தில் வாசித்தார்கள். கவுன்ட் பேஸியின் பெரிய குழு 1966-இல் ஒரு தட்டு முழுக்க ஜேம்ஸ் பாண்ட் மெட்டுகளை வாசித்திருக்கிறது. அதே ஆண்டில் நியூயார்க்கில் கொங்கா என்ற கைமுரசு வாசிப்பதில் மேதையான ரே பரெட்டோ 'சென்யோர் 007' என்ற தட்டைக் கொண்டுவந்தார். மூல மெட்டில் எலெக்ட்ரிக் கிதார் மிரட்டுகிற இடத்தில் அவருடைய குழுவில் கொங்காவும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்து ஆட வைக்கும். ஒரே மெட்டை வேறு வேறு கைகள் எப்படித் தொடுகின்றன என்று கேட்பதற்காகவே இந்தத் தட்டுகளைத் தேடுகிறோம். எங்களைப் போன்றவர்களுக்கு எந்தப் பதிப்பு, யார் வாசித்தது, எந்த ஆண்டு அச்சு என்பவைதான் எல்லாம்.

அந்தச் செயலியில் நான் பார்த்த விளம்பரத்தில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்று ரே பரெட்டோவின் தட்டு, 9,500 ரூபாய். மற்றொன்று, ஜேம்ஸ் பாண்டைக் கேலிசெய்து 1967-இல் வந்த 'கேசினோ ராயல்' படத்தின் இசைத்தட்டு, கோல்ஜெம்ஸ் நிறுவனத்தின் முதல் ஸ்டீரியோ அச்சு, 17,000 ரூபாய். பர்ட் பக்கராக் இசையமைத்த அந்தத் தட்டில்தான் டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்டு பாடிய, ஆஸ்கர் பரிந்துரை பெற்ற 'தி லுக் ஆஃப் லவ்' இருக்கிறது. தலைப்பு இசையில் ஹெர்ப் ஆல்பர்ட்டின் டிரம்பெட் ஒலிக்கிறது. படம் சுமார்தான் என்றாலும், ஒலிப்பதிவின் தெளிவுக்காக ஸ்டீரியோ கருவிகளைச் சோதித்துப் பார்க்கவே அந்தத் தட்டை வைத்திருப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். பிற்காலத்தில் மறு அச்சுகளும் வந்திருப்பதால், 'சி ஓ எஸ் ஓ 5005' என்ற எண்ணுள்ள முதல் அச்சுக்குத்தான் விலை.

விற்றவர் பெங்களூரில் இருக்கும் தமிழர் என்று தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார். முதல் செய்தியிலேயே என்னை அண்ணா என்றழைத்தார். நான் தட்டின் நிலையைப் பற்றிக் கேட்டேன். அவர் இசையைப் பற்றிப் பேசினார். பாண்ட் படங்களின் அடையாள மெட்டு மான்டி நார்மன் வேறொன்றுக்காகப் போட்ட மெட்டிலிருந்து வந்தது என்பதையும், வி. எஸ். நைபாலின் 'எ ஹவுஸ் ஃபார் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவலை மேடையேற்றும் முயற்சிக்காக, டிரினிடாட் இந்தியர் ஒருவர் பாடுவதாக நார்மன் இசையமைத்த பாடல்தான் அதற்கு வேர் என்பதையும், அதை ஜான் பாரி வாத்தியங்களுக்கு அமைத்து விக் ஃபிளிக் கிதாரில் வாசித்த பிறகே நாம் அறிந்த உருவம் பிறந்தது என்பதையும் அவரே எடுத்துச் சொன்னார். 'தி இப்கிரஸ் ஃபைல்' படத்துக்கு 1965-இல் ஜான் பாரி பயன்படுத்திய சிம்பலம் என்ற தந்தி வாத்தியத்தைப் பற்றி இரவு வெகுநேரம் பேசினோம். இந்த அளவுக்குப் பேசத் தெரிந்தவர்களை எங்கள் வட்டத்தில் விரல்விட்டு எண்ணிவிடலாம். பேச்சின் நடுவே ஒருநாள், மாடர்ன் தியேட்டர்ஸ் 1966-இல் தயாரித்த ஜெய்சங்கர் படமான 'வல்லவன் ஒருவன்' பாடல்களின் சிறுதட்டு ஒன்று தம்மிடம் இருப்பதாகவும், அதற்கு இசையமைத்த வேதாவின் இசையைக் காதால் கேட்டு மதிக்கிற ஒருவரிடம் அது போய்ச் சேரட்டும் என்றும், இந்த இரண்டோடு அதையும் விலையில்லாமல் அனுப்புவதாகவும் சொன்னார்.

அந்த நொடியில்தான் நான் அவரை முழுமையாக நம்பினேன். 'பளிங்கினால் ஒரு மாளிகை' என்று எல். ஆர். ஈஸ்வரி எடுக்கும் அந்தத் தொடக்கத்தை ஊசியிலிருந்து கேட்க வேண்டும் என்ற ஆசை எனக்கு எத்தனை காலமாக இருந்தது என்பதை நான் அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன். சொன்னதை அவர் தூண்டிலில் கோத்துப் போட்டார்.

கேட்ட படங்களையெல்லாம் தயங்காமல் அனுப்பினார். உடலெங்கும் சித்திரம் தீட்டிய பெண்ணை ராபர்ட் மெக்கின்னிஸ் வரைந்த அந்தப் புகழ்பெற்ற உறையின் முன்பக்கம், பின்பக்கம், தட்டின் லேபிள், பாட்டு முடிந்த பிறகு வரும் வெற்று வளையத்தில் பொறித்த எண் என எதுவும் பாக்கியில்லை. உறையின் வலது மேல்மூலையில் யாரோ பழைய விலையை நீல மையால் எழுதி அடித்திருந்தார்கள். அந்தக் குறையைக்கூட அவரே சுட்டிக்காட்டி 500 ரூபாய் குறைத்துக்கொள்வதாகச் சொன்னார், நான் வேண்டாம் என்று முழு விலையையே கட்டினேன். பணத்தைச் செயலிக்குள்ளேயே, 'பாதுகாப்பான கட்டணம்' என்று அவர்கள் விளம்பரம் செய்யும் வழியில்தான் செலுத்தினேன். பொருள் வாங்குபவர் கைக்கு வந்து, 48 மணி நேரத்துக்குள் புகார் எதுவும் வராவிட்டால்தான் விற்பவருக்குப் பணம் போகும் என்பது அவர்கள் விதி. 26,500 ரூபாயை நான் அந்த விதியை நம்பியே கட்டினேன்.

முதலில் உடைந்தது அந்த விதிதான். பொதி என் வீட்டுக்கு வருவதற்குப் பல நாட்கள் முன்பே, அது ஒப்படைக்கப்பட்டுவிட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அன்றே செயலியின் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். கூரியர் நிறுவனத்தின் பதிவு தாமதமாகத் திருத்தப்படலாம், பொறுத்திருங்கள் என்று பதில் வந்தது. விற்றவரும் அதையே சொன்னார்: "அண்ணா, பொதி டிப்போவில்தான் இருக்கு, நான் பேசிட்டேன், நீங்க புகார் போட்டீங்கன்னா அது திரும்பி எனக்கே வந்துடும்." இரண்டு பக்கமும் பொறுத்திருக்கச் சொல்ல, அந்த இடைவெளியில் 48 மணி நேரம் கழிந்து பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டது.

பொதி வந்ததும் என் மகன் கைப்பேசியில் காணொளி எடுக்க நான் பிரித்தேன். 'வல்லவன் ஒருவன்' சிறுதட்டு அதில் இல்லவே இல்லை. பரெட்டோவின் தட்டு உண்மையானதுதான், ஆனால் ஏறக்குறையப் புதிது என்று தரம் சொல்லப்பட்ட அந்தத் தட்டில் முதல் பக்கம் முழுவதும் குறுக்கே ஓர் ஆழமான கீறல், ஊசி இரண்டாம் பாட்டைத் தாண்டாமல் துள்ளுகிறது. 'கேசினோ ராயல்' உறை படத்தில் கண்ட அதே உறை, நீல மை உட்பட. அதற்குள் இருந்தது ஜெஃப் லவ் குழுவினர் 1975-இல் வெளியிட்ட, பாண்ட் படமெட்டுகளை மறுபடி வாசித்த மலிவு விலைத் தட்டு. ஜெஃப் லவ்வின் குழுவை நான் குறைவாக மதிப்பவன் அல்லன். அந்தத் தட்டின் நல்ல பிரதி ஒன்று பல ஆண்டுகளாக என் அலமாரியில் இருக்கிறது, சில நூறு ரூபாய்க்கு வாங்கியது. 17,000 ரூபாய் கொடுத்து வாங்கிய உறைக்குள் அது வந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

விற்றவருக்கு அன்றே எழுதினேன். தவறுதலாக மாறியிருக்கும், நாளை பார்த்துச் சொல்கிறேன் என்றார். மறுநாள், ஊரில் துக்கம் என்றார். அதற்குப் பிறகு என் செய்திகள் அவருக்குப் போய்ச் சேரவில்லை, என்னைத் தடுத்துவிட்டார். நான்கு வாக்கியம் சிம்பலத்தைப் பற்றிப் பேசினால் நாற்பது வாக்கியம் திரும்பி எழுதிய மனிதர், 26,500 ரூபாயைப் பற்றிக் கேட்டதும் ஒரே சொடுக்கில் மறைந்துபோனார்.

செயலியின் உதவிப் பிரிவில் நடந்ததை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது. ஒவ்வொரு முறையும் வேறொரு பெயரில் ஒருவர் வந்து, மதிப்புக்குரிய வாடிக்கையாளரே என்று தொடங்கி, முழு விவரத்தையும் முதலிலிருந்து கேட்டார். புகார் காலம் முடிந்துவிட்டது என்றார் ஒருவர். பொதி எப்போது வந்தது என்பதற்கு வாயிற்காவலர் பதிவேட்டின் படத்தை அனுப்பியதும், பிரித்த காணொளி வேண்டும் என்றார் மற்றவர். காணொளியை அனுப்பியதும், முகவரிச் சீட்டு தொடர்ச்சியாகத் தெரியவில்லை என்று அதைத் தள்ளினார்கள். விடாமல் எழுதிய பிறகு, மேலதிகாரி என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கொடுத்த பதில் இதுதான்: விளம்பரத்தில் ஜேம்ஸ் பாண்ட் இசைத்தட்டு என்று இருந்தது, வாடிக்கையாளருக்கு வந்திருப்பதும் ஜேம்ஸ் பாண்ட் இசைத்தட்டே, ஆகவே பொருள் விவரத்தோடு பொருந்துகிறது, புகார் முடித்துவைக்கப்படுகிறது.

இதற்கு நான் என்ன பதில் எழுதுவது? விளம்பரத்தில் படத்தின் பெயர், இசையமைத்தவர், ஆண்டு, நிறுவனம், எண் எல்லாம் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. லேபிளின் படம் இருந்தது. வந்த தட்டின் லேபிளில் வேறு பெயர், வேறு நிறுவனம், வேறு ஆண்டு. இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க இசை தெரிய வேண்டியதில்லை, எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். ஒரு புதினத்தின் முதல் பதிப்பைக் கேட்டவனிடம் அதே கதைச் சுருக்கத்தை நீட்டிவிட்டு, கதை ஒன்றுதானே என்று கேட்பார்களா? எங்களுக்கு இந்த வேறுபாடு எவ்வளவு பெரிது என்பது விற்றவருக்கு நன்றாகத் தெரியும், அதை வைத்துத்தான் அவர் என்னிடம் விலை பேசினார். செயலிக்காரர்களுக்கு அது தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை. அவருடைய அறிவும் இவர்களுடைய அலட்சியமும் சேர்ந்து என் பணத்தைத் தின்றன.

இப்போது 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், இணைய மோசடிக்கான 1930 எண்ணிலும் புகார் பதிந்திருக்கிறேன். 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, இத்தகைய நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். அந்த அலுவலரின் முகவரியைச் செயலியின் ஆழத்தில் எங்கோ புதைத்து வைத்திருக்கிறார்கள். தேடி எடுத்து எழுதியிருக்கிறேன், ஒப்புகைகூட வரவில்லை. அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

தட்டு வாங்குகிறவர்களுக்கு விரிவாக அறிவுரை எழுத வேண்டும் என்றுதான் தொடங்கினேன், இப்போது மனம் நிற்கவில்லை, அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். விற்பவர் அனுப்பும் படத்தில், அன்றைய தேதியும் உங்கள் பெயரும் எழுதிய தாள் தட்டின் மேலேயே இருக்கும்படி கேளுங்கள். உறையின் மேல் இருந்தால் போதாது. தட்டை உறையிலிருந்து உருவி, ஊசி வைத்து ஓடவிட்டு, வெற்று வளையத்து எண்வரை ஒரே தொடர்ச்சியாகக் காணொளி கேளுங்கள். பொதி வராமலேயே வந்துவிட்டதாகச் செய்தி வந்தால் யார் பொறுக்கச் சொன்னாலும் பொறுக்காமல் அந்த மணி நேரத்திலேயே புகாரைப் பதியுங்கள். பிரிக்கும்போது முகவரிச் சீட்டிலிருந்து தட்டின் லேபிள்வரை கைப்பேசியை விலக்காமல் எடுங்கள்.

இன்னொன்று, இதற்காகவே இன்றைக்கே எழுதினேன். நேற்றிரவு அதே செயலியில், வேறொரு பெயரிலும் வேறொரு ஊரிலும் உள்ள கணக்கு ஒன்றில், 'கேசினோ ராயல்' முதல் அச்சு 18,000 ரூபாய்க்கு விற்பனைக்கு வந்திருக்கிறது. எனக்கு அனுப்பிய அதே படங்கள். வலது மேல்மூலையில் நீல மையால் எழுதி அடித்த அதே விலை. அந்த உறை என் வீட்டில் இருக்கிறது. விளம்பரத்தைச் செயலிக்குப் புகார் செய்திருக்கிறேன், இதை எழுதும்வரை அவர்கள் அதை நீக்கவில்லை. உங்களில் யாராவது அந்தக் கணக்கோடு பேசிக்கொண்டிருந்தால், அவர் எந்த இசையைப் பற்றி எவ்வளவு அழகாகப் பேசினாலும், பணம் கட்டிவிடாதீர்கள்.